காஸ்டிக் இறங்குகிற பக்கம்

இடது பக்கத்துப் பாட்டில் இன்னும் இறங்கவில்லை. வலது பக்கத்துப் பாட்டிலும்தான் இறங்கவில்லை, இப்போதுதானே பாக்டீரியா விதையை ஊற்றினோம், அது என்ன நாம் உட்கார்ந்து முறைத்தால் பயந்துபோய் வேலை செய்யுமா என்று பூங்கோதை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முறைத்தாள். மேசைமேல் இரண்டு கண்ணாடி ஜாடிகள், பெரிய டேங்கில் போடுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கிற சின்ன ஃபெர்மென்டர்கள். இரண்டிலும் ஒரே கூழ், ஒரே சூடு, ஒரே காற்று. இரண்டுக்கும் மேலே தனித்தனிப் பாட்டிலில் காஸ்டிக் சோடா தொங்குகிறது. உள்ளே இருக்கிற பாக்டீரியா அமிலத்தைச் சுரக்கச் சுரக்கப் புளிப்பு ஏறும், ஏறிக்கொண்டே போனால் அதுகளே செத்துத் தொலையும், அதனால் புளிப்பு எட்டிப் பார்த்ததுமே மேலேயிருந்து காஸ்டிக் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சரிக்கட்டிவிடும். பாட்டில் இறங்கினால் அமிலம் வருகிறது, இறங்காவிட்டால் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம், இதைப் பார்ப்பதற்கு முனைவர் பட்டமெல்லாம் வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். பூங்கோதை இன்றைக்கு அமிலத்துக்காக உட்காரவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி அர்த்தநாரியின் அறைக்குப் போய், அவர் கேட்டபடி அவள் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஆளுக்கு இன்றோடு இங்கே வேலை இல்லை. இங்கே மட்டுமா, திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிய ஆளை இந்தத் தொழிலில் வேறு எவன் சேர்ப்பான். பேர் அவளுக்குத் தெரியும். எட்வின். மாதக்கணக்காகத் தெரியும். அதை நிரூபிக்கத்தான் இந்த இரண்டு ஜாடி.

ஆத்தூர் போகிற ரோட்டில் இந்தக் கட்டடம் முன்பு சேகோ ஆலையாக இருந்தது. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி செய்வார்கள், மிஞ்சுகிற திப்பியைக் களத்தில் காயப்போட்டு மாட்டுத் தீவனத்துக்கு அனுப்புவார்கள், காற்று திரும்பினால் பஸ்ஸில் போகிறவர்கள்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்தத் திப்பியிலிருந்து லாக்டிக் அமிலம் எடுக்கலாம் என்று அர்த்தநாரிக்கு ஆசை காட்டியது பூங்கோதைதான். தயிரைப் புளிக்கவைக்கிற அதே அமிலம். அதை வைத்து மண்ணில் மக்கிப்போகிற பிளாஸ்டிக் செய்கிறார்கள், மருந்து செய்கிறார்கள். குடலில் சும்மா குடியிருந்த ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, வேறொன்றிடமிருந்து எடுத்த மரபணுவைச் சின்ன வளையமாகக் கோர்த்து அதற்குள் ஏற்றி, இனிமேல் நீ தின்கிற சர்க்கரையெல்லாம் லாக்டிக் அமிலமாகத்தான் வெளியே வரணும் என்று அதற்குப் புத்தி சொன்னவள் அவள். எத்தனை வருஷம் ஆனது என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். அந்தப் பாக்டீரியாவை அவள் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டாள், ‘என் ஆளுங்க’ என்பாள். ஆளுங்களும் நன்றி கெட்டவர்கள் இல்லை, முதல் வருஷம் பெரிய டேங்கில் காஸ்டிக்கைக் கடகடவென்று இழுத்தார்கள், அர்த்தநாரி டேங்கைத் தொட்டுக் கும்பிட்டார். அப்புறம் யார் கண் பட்டதோ, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தானே என்றார்கள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். போன தடவை பாதிகூட வரவில்லை. பாக்டீரியா தானாகவா கெட்டுப்போகும்? அவள் உண்டாக்கிய பாக்டீரியா தானாகக் கெட்டுப்போகாது. யாரோ மாற்றியிருக்கிறார்கள். நல்ல விதையை எடுத்து வெளியே கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் சொத்தையை வைத்திருக்கிறார்கள். பெரிய டேங்க் யார் பொறுப்பு? எட்வின் பொறுப்பு. ஃப்ரீசர் சாவி இன்னொன்று யாரிடம்? எட்வினிடம். ஒவ்வொரு தடவையும் விதை ஊற்றுவதற்கு முன்னால், மேடம், இந்தத் தடவை விதை எப்படி இருக்கு, என்று கேட்பது யார்? கேட்பவர் டேங்கை ஓட்டுகிறவர், கேட்காமல் எப்படி ஓட்டுவார் என்று ஒரு மூலையில் தோன்றும். தோன்றியதைத் தோன்றிய இடத்திலேயே அமுக்கிவிடுவாள்.

அந்த ஐஸ் பெட்டி. ஈஸ்டருக்கு நாகர்கோவில் போகும்போது எதற்கு ஒரு மனுஷன் காலி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான்? மீன் கொண்டுவர என்று சொன்னார். கொண்டும் வந்தார், நெய்மீன், துண்டு துண்டாக வெட்டி மஞ்சள் தடவி, உங்க ஊருல இதெல்லாம் எங்க மேடம் கிடைக்கும் என்று ஒரு பொட்டலம் கொடுத்தார். அவளும் வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தாள், இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டாள், ருசியாகத்தான் இருந்தது, அதை இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் வரும்போது மீன் இருந்தது சரி, போகும்போது அந்தப் பெட்டியில் என்ன இருந்தது? புளியமரத்து ஸ்டாப்பிங் பேக்கரியில் டை கட்டிய ஒருத்தனோடு உட்கார்ந்து பப்ஸ் தின்றுகொண்டிருந்தாரே, அவன் யார்? இன்சூரன்ஸ் ஆள் என்று தானாகவே வந்து சொன்னார். கேட்காமலே ஒருத்தர் வந்து விளக்கம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? கேட்டபின் சொல்லியிருந்தாலும் பூங்கோதை வேறொரு அர்த்தம் வைத்திருப்பாள், அது வேறு. டேங்க் படுத்துவிட்ட நாட்களில் எட்வின் ஜெபப் பாட்டை முணுமுணுப்பார். வேலை கெட்டுக்கிடக்கிறபோது எந்த மடையன் பாடுவான்? மனசுக்குள் சந்தோஷப்படுகிறவன் பாடுவான். அவளுக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது இந்த எட்வின்தான் அவள் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார், தினமும் காலையில் போன் பண்ணி, உங்க அலமாரிய நான் தொறக்கல மேடம், நீங்க வந்து பாத்துக்கிடுங்க என்று சொன்னார். திறக்கவில்லை என்று தினமும் சொல்கிற ஆளை நம்பலாமா? வீட்டுக்காரர் தனசேகர் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னார், உனக்கு யாரையாவது சந்தேகப்படலேன்னா சோறு இறங்காது பூங்கோதை, பால்காரன்ல ஆரம்பிச்சு மெட்ராஸ்ல உன் புரொபசர் வரைக்கும். புரொபசர் விஷயத்தில் அவள் சந்தேகம் சரியாகத்தானே இருந்தது? அவள் செய்த வேலையை இன்னொருத்தன் பேரில் அச்சடித்து வந்ததே? ஒரு தடவை சரியாகப் போனதுதான் வினை. அன்றிலிருந்து சந்தேகம் அவளுக்கு வலது கை மாதிரி ஆகிவிட்டது, எதை எடுப்பதானாலும் அதுதான் முதலில் நீளும்.

வலது பக்கம் ஒரு சொட்டு விழுந்தது. நாற்காலியில் நிமிர்ந்தாள். பம்ப் ஒரு தடவை டொக்கென்றது, நின்றது. சும்மா காற்றுக் குமிழாக இருக்கும். வலது பக்கத்தில் ஊற்றியிருப்பது பொது ஃப்ரீசரில் இருந்து எடுத்த குப்பி. எட்வின் கை படுகிற குப்பி. சொத்தை என்று அவள் சத்தியம் பண்ணத் தயாராக இருக்கிற குப்பி. இடது பக்கத்தில் இருப்பது அவளுடைய சொந்தச் சோதனைக் குழாய். அது எங்கே இருந்தது என்றால், அவள் மேசைக்குக் கீழே இருக்கிற குட்டி ஃப்ரிட்ஜில், பூட்டுப் போட்டு, சாவியைத் தாலிக்கொடியில் ஊக்கோடு ஊக்காகக் கோர்த்து. அமிலம் குறைய ஆரம்பித்ததுமே அவள் ஃப்ரீசரை நம்புவதை நிறுத்திவிட்டாள். போன வருஷமே நிறுத்திவிட்டாள். நாலு பேர் திறக்கிற பெட்டியில் எவன் எதை மாற்றுவான் என்று யார் கண்டது. என் ஆளுங்க என் கையிலேயே இருக்கட்டும் என்று ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்கு, அதிலிருந்து அடுத்த குழாய்க்கு, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி ஊற்றி ஊற்றிக் காப்பாற்றி வருகிறாள். பெரிய டேங்குக்கும் அதைத்தான் கொடுக்கிறாள். அப்படியும் அமிலம் குறைகிறதென்றால் டேங்கில் ஊற்றும்போது எட்வின் ஃப்ரீசர்ச் சொத்தையை அதில் கலக்கிறார் என்றுதானே ஆகிறது? ஆகவே இன்றைக்கு இடது பக்கம் குடிக்கும், வலது பக்கம் படுத்துக்கொள்ளும், அவள் முதலாளியைக் கூட்டிவந்து காட்டுவாள். கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. டொக். வலது பக்கம் மறுபடி ஒரு சொட்டு.

கதவு திறந்த சத்தத்தில் அவள் கை தானாகப் போய் ஃப்ரிட்ஜின் பூட்டைத் தொட்டுப் பார்த்தது. எட்வின், இரண்டு டம்ளர் டீயோடு.

“என்ன மேடம், காலையிலேயே தனியா கச்சேரி வச்சிருக்கிய. இது என்ன ஓடுது?”

“கூழுல உப்ப மாத்திப் பாக்குறேன். சும்மா.”

“உப்பா?” எட்வின் டம்ளரை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் குனிந்தார். பாட்டில்களை மேலும் கீழும் பார்த்தார். பம்ப் டொக் டொக்கென்று இரண்டு தடவை அடித்தது. அவர் முகம் மலர்ந்தது. “வலது பக்கத்துக்காரி கொள்ளாமே. நல்லா குடிக்காளே. இது பழைய வேகம்லா மேடம், முதல் வருஷம் பாத்த வேகம். இந்த விதைய வச்சே பெரிய டேங்கு போடலாமே.”

“இன்னும் முடியல. சாயங்காலம் பாத்துட்டுச் சொல்றேன்.”

“சரி, பைய சொல்லுங்க. முதலாளி என்னய விளிச்சிருக்காரு, என்னண்ணு தெரியல. போயிட்டு வாறேன். டீ ஆறிப்போவும், குடிங்க.”

குடிக்கவில்லை. போகிற முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது பக்கம் நல்லா குடிக்குது என்று எவ்வளவு சட்டென்று சொன்னார், வந்ததும் வராததுமாக வலது பக்கத்துக்குக் கண் போனது எப்படி? அது குடிக்கிறது என்று பாட்டிலே சொல்கிறது, குருடனுக்கும் தெரியும். இருக்கட்டும். இதை வைத்தே டேங்க் போடலாம் என்றாரே, அது எதற்கு? வலது பக்கம் தன்னுடைய சரக்கு என்று தெரிந்ததால்தானே? ஆனால் தன்னுடைய சரக்கு சொத்தையல்லவா, சொத்தை எப்படிக் குடிக்கும்? ஒருவேளை நேற்று அவள் ஃப்ரீசரைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக நல்ல குப்பியைத் திருப்பி வைத்துவிட்டாரோ? வைத்திருக்க முடியாது, அவள் எடுத்தபின் வைத்து என்ன பிரயோஜனம். அப்படியானால் அவளுடைய குழாயில்தான் கை வைத்திருக்கிறார். பூட்டு? மாற்றுச் சாவி போட்டிருக்கலாம். சாவி தாலிக்கொடியில் அல்லவா கிடக்கிறது, தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லையே. தூங்கும்போது பக்கத்தில் இருப்பது யார்? தனசேகர். தனசேகருக்கும் எட்வினுக்கும் என்ன பழக்கம், டெங்கு சமயத்தில் இரண்டு பேரும் வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசினார்களே. இந்த இடத்துக்கு வந்ததும் பூங்கோதைக்கே தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், பல்லி விழுந்தால் பயப்படுகிற மனுஷன், அவர் சோப்பில் சாவி அச்செடுப்பாரா. என்ன ஆச்சு எனக்கு என்று கேட்டுக்கொண்டாள். கேட்டாளே தவிர பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கண் மறுபடி பாட்டிலுக்குப் போய்விட்டது. வலது பாட்டில் இப்போது ஒரு விரல் கடை இறங்கியிருந்தது. இடது பாட்டில் வைத்தது வைத்தபடி.

செத்துப்போயிருக்குமோ. ஆமாம், அப்படித்தான் இருக்கும், இடது ஜாடியில் அவளுடைய ஆளுங்க செத்துப்போயிருப்பார்கள், காற்றுக் குழாயில் ஏதாவது அடைப்பு, அதற்குப் போய் இத்தனை யோசனை. நிம்மதியோடு எழுந்து ஜாடிக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். செத்துப்போகவில்லை. கூழ் கலங்கி மோராக இருந்தது. வலது ஜாடியில் டார்ச் வெளிச்சம் மங்கலாகவாவது ஊடுருவியது, இடது ஜாடியில் அதுகூட இல்லை. அவ்வளவு அடர்த்தி. அவ்வளவு கூட்டம். என் ஆளுங்க எவ்வளவு நன்றாகப் பெருகியிருக்கிறார்கள் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, பெற்றவளுக்கு வருகிற மாதிரி, கணம்தான், அதற்குள் டார்ச்சைத் தாழ்த்தினாள். நன்றாகப் பெருகுகிறது. அமிலம் வரவில்லை. நன்றாகப் பெருகுகிறது, அமிலம் வரவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து அவள் எங்கேயோ கேட்டிருக்கிறாள். யார் சொன்னது? அவளேதான் சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொரு வருஷமும் சொல்கிறாள், அதே வெள்ளைப் பலகை, அதே வட்டம். இந்த வளையம் இருக்கே, இது பாக்டீரியாவுக்குப் பாரம். நமக்காகத்தான் சுமக்குது, அதுக்கு இதால ஒரு லாபமும் கிடையாது. பெருகும்போது எங்கேயோ ஒண்ணு வளையத்தைத் தவறவிடும். தவறவிட்டதுக்குப் பாரம் இல்ல, அதனால மத்ததைவிட வேகமாப் பெருகும். நாளாக நாளாக அதுதான் ஜாடி முழுக்க இருக்கும். கலங்கலா இருக்கும், பாக்க நல்லா இருக்கும், அமிலம் மட்டும் வராது. அதனால கிழடு தட்டுன விதையத் தொடாதீங்க, ஒவ்வொரு தடவையும் ஃப்ரீசர்லேருந்து புதுக் குப்பி உடைங்க, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. போன வாரம் சேர்ந்த பெண்ணுக்குக்கூடச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து, பூட்டைத் திறந்து, பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு உறை ஊற்றினாள்.

தெரியாமல் செய்தாளா? அப்படிச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளைக்குத்தானே, திருடனைப் பிடிக்கிறவரைக்கும்தானே என்று செய்தாள். ஆரம்பத்தில் வளையம் இருக்கிறதா என்று, வளையம் உள்ளது மட்டும் பிழைத்து முளைக்கிற மருந்து கலந்த தட்டில் தேய்த்துப் பார்க்கவும் செய்தாள். தட்டில் முளைப்பது குறைந்தபோது, தட்டு ஊற்றுகிற பெண் மருந்தைக் கூடப் போட்டுவிட்டாள், அவளும் எட்வினும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று யோசித்து, தட்டையே நிறுத்திவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று எல்லார் முகத்தையும் பார்த்தவள் தன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. முதலில் கொஞ்சமாகக் குறைந்தது ஏதோ ஒரு மோசமான லோடு திப்பியால் இருந்திருக்கும். அதற்குப் பயந்து அவள் பூட்டிவைத்ததில்தான் உண்மையாகவே குறைய ஆரம்பித்தது. குறையக் குறைய இன்னும் பத்திரமாகப் பூட்டினாள். ஃப்ரீசரை யாரும் தொடவில்லை. குப்பிகள் வைத்தது வைத்தபடி உறைந்து கிடந்திருக்கின்றன. எட்வின் எதையும் எடுக்கவில்லை, எதையும் மாற்றவில்லை, எதையும் கலக்கவில்லை, மீன் கொண்டுவந்தார், டீ கொண்டுவந்தார், விதை எப்படி இருக்கு என்று கேட்டார். ஒரு தடவையாவது அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால், எட்வின், நான் ஃப்ரீசரத் தொடறதில்ல, குழாயில வச்சிருக்கேன் என்று சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே அந்த ஆள் திகைத்துப்போய், என்ன மேடம் சொல்லுதிய, வளையம் போயிருக்குமே என்றிருப்பார். பூங்கோதைக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை.

உடனே எழுந்து ஓடியிருக்கலாம். முதலாளி அறை கூப்பிடு தூரம்தான். ஓடவில்லை, இதைச் சொல்லத்தான் வேண்டும். உட்கார்ந்தாள். இடது ஜாடியை இப்போதே கழுவி ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று உட்கார்ந்து யோசித்தாள். குட்டி ஃப்ரிட்ஜில் உள்ள குழாய்களை வேகவைத்துக் கொட்டிவிட்டு, நாளையிலிருந்து ஃப்ரீசர்க் குப்பியை உடைத்தால், அமிலம் கடகடவென்று வரும், அர்த்தநாரி மறுபடி டேங்கைக் கும்பிடுவார், பூங்கோதை சரிசெய்துவிட்டாள் என்பார்கள். யார் பேரையும் சொல்ல வேண்டாம். திருட்டு இல்லை சார், திப்பி சரியில்லாமப் போயிருக்கு என்று சொல்லிவிடலாம். எட்வினுக்கும் கெடுதல் இல்லை, எனக்கும் இல்லை. இதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஆனால் அர்த்தநாரி லேசில் விடுகிறவர் இல்லையே, திப்பி என்றால் எந்த லோடு என்பார், யார் இறக்கியது என்பார், லோடு இறக்குவது யார் பொறுப்பு, அதுவும் எட்வின். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து முட்டியது. அந்த ஆளைப் பற்றி மாதக்கணக்காக யோசித்து யோசித்து, எந்த யோசனையை எடுத்தாலும் கடைசியில் அந்த ஆள் நிற்கிற மாதிரி மனசு பழகிவிட்டிருந்தது. சொல்லிவிடுவோம். சொன்னால் என்ன சொல்வார்கள், இத்தனை படித்தவள், வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவள். வேலையே போனாலும் போகட்டும். போகட்டுமா? போனால் இந்த ஆளுங்களை யார் பார்ப்பார்கள். பம்ப் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்தபோது வலது பாட்டில் பாதிக்குக் கீழே போயிருந்தது, கேன்டீனில் தட்டு அலம்புகிற சத்தம் கேட்டது.

அர்த்தநாரி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். “வாங்க டாக்டரம்மா, உக்காருங்க. சாப்டீங்களா?”

“சார், அந்தப் பேர் விஷயமா...”

“அதையே நினைச்சுட்டு இருக்காதீங்க. ஆளை அனுப்பிச்சுட்டேனுங்க. கணக்க முடிச்சு வாங்கிட்டு இப்பத்தான் கேட்டைத் தாண்டிப் போறாப்ல.”

அவளுக்கு நாற்காலியின் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, தடவினாள். “நான் இன்னும் யார் பேரும் சொல்லலையே சார்.”

“நீங்க வாயத் தொறந்து சொல்லோணுமாங்க? அந்தாளு உள்ள வந்தா டப்புனு அலமாரிய மூடுவீங்க. அவரு வெச்ச டீய ஆறவெப்பீங்க. மீட்டிங்குல அவரு பேசுனா நீங்க சன்னலப் பாப்பீங்க. இத்தன மாசமா உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நானும் இருக்கறேன். பொம்பள மனசு, நேரா ஒருத்தர் பேரச் சொல்லச் சங்கடப்படுவீங்கன்னு நானே கூப்புட்டுச் சொல்லிப்போட்டேன்.”

“தப்பு என்மேல சார். என்மேல மட்டும்தான்.” அவள் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள், வளையத்தைச் சொன்னாள், குழாயைச் சொன்னாள், ஃப்ரீசர் நல்லாத்தான் இருக்கு, வந்து பாருங்க, வலது பாட்டில் இறங்கிக்கிட்டே இருக்கு என்றாள். அர்த்தநாரி வெற்றிலையைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் இருந்த அன்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

“இது இன்னைக்குத்தான் உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்?”

“ஆமா சார்.”

“இதையே நீங்க மத்தவங்களுக்குப் பாடம் நடத்துறீங்க. ஆனா உங்களுக்குத் தெரியாது.” வெற்றிலையைத் தட்டில் வைத்தார். “அந்தாளு போனதும் வந்து சொல்றீங்க. போறப்ப உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனாருங்களா? போன் கீன் வந்துச்சா? பயப்படாமச் சொல்லுங்க. இல்ல, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான்...” அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியும்.

வராந்தாவுக்கு வந்து எட்வினுக்குப் போன் போட்டாள். எடுக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். எடுத்தார். பின்னால் பஸ் உறுமுகிற சத்தம், கண்டக்டர் சேலம் சேலம் என்று கூவுகிற சத்தம்.

“சொல்லுங்க மேடம்.”

“எட்வின், பஸ்ல ஏறாதீங்க. உங்கமேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பண்ணுனேன். ஃப்ரீசர் குப்பிய எடுக்காம பழைய குழாயையே ஊத்திக்கிட்டு இருந்தேன், வளையம் போயிடுச்சு. நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன். அதுக்கு என்னை மன்னிச்சிடுங்க. சார்கிட்டயும் சொல்லிட்டேன். திரும்பி வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து அவர்கிட்டப் பேசலாம்.”

அவர் திகைத்திருப்பார், வளையமா என்று கேட்கப்போகிறார், கேட்டியளா இந்தக் கூத்த என்று சிரிக்கக்கூடச் செய்வார் என்று அவள் காத்திருந்தாள்.

“பக்கத்துல யாரு மேடம் நிக்கிறா?”

“யாரும் இல்ல எட்வின்.”

“முதலாளி இருக்காரா?”

“இல்ல. நான் வராந்தாவுல தனியா நிக்கிறேன்.”

“ரெக்கார்டு பண்ணுதியளா?”

“ஐயோ இல்ல எட்வின். நிஜமாத்தான் சொல்றேன்.”

“சரி.” குரல் இறங்கி, ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வெளியே வைத்தது. “நான் எதையும் எடுக்கல. யாருக்கும் எதையும் கொடுக்கல. நீங்க இப்ப சொன்னதுக்கு நான் ஆமாண்ணும் சொல்லல, இல்லண்ணும் சொல்லல. இதுக்கு மேல என்ன பேசணும்னாலும் எழுதிக் கேளுங்க மேடம்.”

பூங்கோதைக்கு அந்தக் குரல் அடையாளம் தெரிந்தது. இத்தனை மாதமாக அவள் அவரிடம் பேசிவந்த குரல். மேடம், விதை எப்படி இருக்கு என்று கேட்ட ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் இந்தக் குரலில்தான் பதில் சொன்னாள். பஸ் கதவு மூடியது, இணைப்பு போனது. மறுபடி போட்டாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை.